மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம்: நிலையான உயர்வா, புள்ளிக் கணக்குப் பஞ்சப்படியா, ஒருமுறைத் தொகையா?

ஓசூர், ஒரகடம், கோவை என்று எந்தத் தொழிற்பேட்டையை எடுத்தாலும், மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தப் பேச்சில் அதிகம் அடிபடுவது ஒரே ஒரு எண்தான்: மொத்த உயர்வு எவ்வளவு? சங்கம் ஒரு தொகை கேட்கும், நிர்வாகம் ஒரு தொகை சொல்லும், பல மாதம் இழுத்து நடுவில் எங்காவது முடியும். அந்தத் தொகை எந்த வடிவில் வரப்போகிறது என்ற கேள்விக்குக் கடைசி நாளில் அரை மணி நேரம் ஒதுக்கினால் அதிகம். ஆனால் அடுத்த மூன்று ஆண்டு விலைவாசி யார் தலையில் விழும் என்பதைத் தீர்மானிப்பது அந்த வடிவம்தான்.

தொகை எவ்வளவு என்பது கையெழுத்திடும் நாளில் வெளியே ஆள் கிடைப்பது எளிதா அரிதா என்பதைப் பொறுத்தது. வடிவம் அப்படியல்ல. ஒருமுறை எழுதிவிட்டால், பேரம் பேசும் பலம் போன பிறகும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே ஆள் தட்டுப்பாடு உள்ள காலத்தில் சங்கம் தன் பலத்தைத் தொகையில் மட்டும் செலவழிக்காமல் வடிவத்திலும் செலவழிக்க வேண்டும். நிர்வாகத்துக்கும் இது நட்டமில்லை. எந்த விலையேற்றத்தைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ள அதுவே வாய்ப்பு.

கூலி, விலை, வேலையின்மை: எது எதைத் தள்ளுகிறது

லண்டன் பொருளாதாரப் பள்ளியில் இருந்த ஏ. டபிள்யூ. பிலிப்ஸ் 1958-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். 1861 முதல் 1957 வரையிலான பிரிட்டன் தரவில், வேலையின்மை குறைந்த ஆண்டுகளில் கூலி வேகமாக ஏறியதையும், வேலையின்மை அதிகமான ஆண்டுகளில் மெதுவாக ஏறியதையும் அது காட்டியது. கூலி ஏறினால் உற்பத்திச் செலவு ஏறும், அதனால் விலை ஏறும். எனவே கொஞ்சம் பணவீக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் வேலையின்மையைக் குறைக்கலாம் என்று 1960-களில் பல அரசுகள் நம்பின.

அந்த நம்பிக்கையில் இருந்த ஓட்டையை மில்டன் ஃப்ரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் 1967-68 வாக்கில் தனித்தனியே சுட்டிக்காட்டினார்கள். தொழிலாளி பார்ப்பது ரூபாய் எண்ணிக்கையை அல்ல, அந்த ரூபாய்க்கு என்ன வாங்க முடியும் என்பதை. விலை ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறும் என்று எல்லோரும் எதிர்பார்க்கத் தொடங்கினால், அந்த 5 சதவீதம் பேரத்தின் தொடக்கப் புள்ளியாகிவிடும். அதற்கு மேல் கேட்பதுதான் உண்மையான உயர்வு. அப்போது அதே வேலையின்மையோடு இன்னும் அதிகப் பணவீக்கம் வரும். 1973 எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் அமெரிக்காவில் இது கண்கூடாகத் தெரிந்தது. 1974 முடிவில் பணவீக்கம் 12 சதவீதத்தைத் தொட்டது. 1975 மே மாதம் வேலையின்மை 9 சதவீதம். பழைய வரைபடத்தின்படி இவை இரண்டும் சேர்ந்து வரவே கூடாது.

ஒப்பந்தம் எழுதுபவருக்கு இதிலிருந்து தேவையானது, விலையை ஏற்றும் மூன்று விசைகளைப் பிரித்துப் பார்ப்பது. ஆள் தட்டுப்பாட்டால் கூலி ஏறி விலை ஏறலாம். எல்லோரும் ஏறும் என்று எதிர்பார்ப்பதாலேயே ஏறலாம். கச்சா எண்ணெய், சமையல் எண்ணெய், தக்காளி, வெங்காயம் போன்ற வரத்துக் கோளாறால் ஏறலாம். முதலாவதில் நிறுவனத்துக்கு விற்பனையும் நன்றாக இருக்கும், சம்பளம் ஏற்ற வழி உண்டு. மூன்றாவதில் தொழிலாளியும் நிறுவனமும் ஒரே நேரத்தில் அடி வாங்குகிறார்கள். அந்த ஏற்றம் முழுவதையும் சம்பளத்தில் ஈடுகட்ட எல்லோரும் முயன்றால் ஒன்று விலை மறுபடி ஏறும், அல்லது ஆள் குறைப்பு வரும்.

இந்தியாவில் மூன்றாவது விசை பெரிது. மழை பொய்த்தாலும் அளவுக்கு மீறிப் பெய்தாலும் உணவு விலை துள்ளும், அதற்கும் தொழிற்சாலைக் கூலிக்கும் சம்பந்தம் கிடையாது. இன்னொன்று, நம் ஊர் வேலையின்மை விகிதத்தைப் பேரத்தின் அளவுகோலாக வைக்க முடியாது. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி அது 2017-18-இல் 6.1 சதவீதமாக இருந்து 2022-23-இல் 3.2 ஆகக் குறைந்தது. பிலிப்ஸ் கணக்குப்படி கூலி எகிறியிருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. காரணம், சேர்ந்த வேலைகளில் பெரும்பகுதி சொந்தத் தொழிலும் சம்பளமில்லாத குடும்ப உழைப்பும்தான். சும்மா இருக்க வசதியில்லாதவர் எதையாவது செய்வார். கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். எனவே உங்கள் பகுதியில் ஆள் தட்டுப்பாடு உண்டா என்று அறிய வேறு இடங்களைப் பாருங்கள்: கான்ட்ராக்ட் ஏஜென்சிகள் ஒரு தலைக்கு இப்போது என்ன விலை சொல்கின்றன, ஐ.டி.ஐ. முடித்தவர்கள் அப்ரண்டிஸாகச் சேர வருகிறார்களா, நிரந்தரத் தொழிலாளர்களில் ஆண்டுக்கு எத்தனை பேர் விலகுகிறார்கள். இந்த மூன்றும் தேசிய விகிதத்தைவிட நேர்மையான தகவல்.

ஒரே பணம், மூன்று வடிவம்

இப்போது கணக்குக்கு வருவோம். உதாரணத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் (விலைவாசியை ஈடுகட்டத் தரும் படி) சேர்த்து மாதம் ரூ.20,000. கையெழுத்திடும் நாளில் தொழிற்சாலைத் தொழிலாளர் விலைக் குறியீடு (2016 விலையை 100 என்று வைத்த கணக்கு, சுருக்கமாக 2016=100) 140 புள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வடிவம் நிலையான உயர்வு. மொத்தம் ரூ.4,500; முதல் ஆண்டு 50 சதவீதம், இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 20 என்று பிரித்தால் ரூ.2,250, ரூ.1,350, ரூ.900. மூன்றாம் ஆண்டில் சம்பளம் ரூ.24,500. மொத்த உயர்வு 22.5 சதவீதம், இது ஆண்டுக்கு 7 சதவீத விலையேற்றத்துக்குச் சமம். விலை அதற்குக் கீழே ஏறினால் தொழிலாளிக்கு உண்மையான லாபம். ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால், பழைய வாழ்க்கைத் தரத்துக்கே மூன்றாம் ஆண்டு முடிவில் சுமார் ரூ.25,190 தேவைப்படும், கையில் இருப்பது 24,500. 'வரலாறு காணாத உயர்வு' என்று நோட்டீஸ் அடித்த ஒப்பந்தம் சம்பளக் குறைப்பாக முடிந்திருக்கும்.

இரண்டாம் வடிவத்தில் உயர்வு சிறிது, பஞ்சப்படி புள்ளிக் கணக்கில். முதல் நாளே ரூ.1,800 நிலையான உயர்வு. அதோடு 140-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் ரூ.100. விலை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் மூன்றாண்டு முடிவில் குறியீடு சுமார் 157.5 ஆகும், பஞ்சப்படி ரூ.1,750, மொத்தச் சம்பளம் ரூ.23,550. நிலையான உயர்வைவிட சுமார் ரூ.950 குறைவு. ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் குறியீடு சுமார் 176.4, பஞ்சப்படி ரூ.3,640, மொத்தம் ரூ.25,440. இப்போது நிலையான உயர்வைவிட ஏறத்தாழ ரூ.940 அதிகம். இரண்டும் சமமாகும் இடம் 27 புள்ளி, அதாவது ஆண்டுக்கு சுமார் 6 சதவீதம். ரிசர்வ் வங்கிக்கு 2016 முதல் உள்ள பணவீக்க இலக்கு 4 சதவீதம், மேல் எல்லை 6. ஆக, இந்த இரண்டு வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, வங்கியின் மேல் எல்லையை விலைவாசி சராசரியாகத் தாண்டுமா என்பதன் மீது பணம் வைப்பதற்குச் சமம். குடும்பம் நடத்துபவருக்கு ரூ.950 குறைவாக வருவதும், விலை எகிறிய காலத்தில் ரூ.940 குறைவாக வருவதும் ஒரே வலி அல்ல. இரண்டாவதுதான் கடன் வாங்க வைக்கும். அதனால் என் சாய்வு புள்ளிக் கணக்கின் பக்கம்.

மூன்றாம் வடிவம் ஒருமுறைத் தொகை. ரூ.1,800 நிலையான உயர்வு, அதோடு ஆண்டுக்கு ரூ.19,800 மொத்தமாக. மூன்றாண்டில் கைக்கு வரும் பணம் முதல் வடிவத்தில் வருவதேதான்: ரூ.1,24,200. ஆனால் நான்காம் ஆண்டுப் பேச்சு தொடங்கும்போது அடித்தளம் 24,500 அல்ல, 21,800. மாதம் ரூ.2,700 இடைவெளி, பணி ஓய்வு வரை. அந்தத் தொகைக்குப் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்காமல், கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கிலும் சேராமல்தான் ஒப்பந்தம் எழுதப்படும். ஆண்டு முழுக்கச் சேர்த்து ஒரே நாளில் கொடுப்பதால் பெரிதாகத் தெரியும். அதுவே இதன் ஆபத்து.

ஆனாலும் இந்த வடிவத்துக்கு ஓர் இடம் உண்டு. விலையேற்றம் வரத்துக் கோளாறால் வந்தது, ஓராண்டில் அடங்கிவிடும் என்று இரு தரப்பும் நம்பினால், நிரந்தரச் செலவு ஏறாமல் அந்த ஆண்டைக் கடக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஜெர்மனி 2022-இல் இதைத்தான் செய்தது. 3,000 யூரோ வரை வரியில்லாமல் கொடுக்கலாம் என்று அரசு அனுமதித்தது. அந்த ஆண்டு நவம்பரில் உலோகத் தொழிலாளர் சங்கமான ஐ.ஜி. மெட்டால், முழு 3,000 யூரோவையும் அதோடு 2023-இல் 5.2, 2024-இல் 3.3 சதவீத உயர்வையும் ஏற்றுக் கையெழுத்திட்டது.

புள்ளிக்கு எத்தனை ரூபாய்?

புள்ளிக் கணக்கைத் தேர்ந்தெடுத்தால் முதலில் சரிபார்க்க வேண்டியது, விலையேற்றத்தில் எத்தனை பங்கைப் பஞ்சப்படி ஈடுசெய்கிறது என்ற அளவு. சம்பளத்தைத் தொடக்கக் குறியீட்டால் வகுத்தால் முழு ஈட்டுக்கான தொகை வரும். 20,000-ஐ 140-ஆல் வகுத்தால் ரூ.142.86. எனவே புள்ளிக்கு ரூ.100 என்பது 70 சதவீத ஈடு. அதே ரூ.100, மாதம் 12,000 வாங்குபவருக்கு 117 சதவீத ஈடு. 30,000 வாங்குபவருக்கு 47 சதவீதம்தான். எல்லோருக்கும் ஒரே ரூபாய் என்பது கீழ்மட்டத்தைத் தூக்கி, திறமைக்கான சம்பள இடைவெளியைச் சுருக்கும்.

இத்தாலியில் இது தேசிய அளவில் நடந்தது. 1975-இல் தொழிலதிபர் கூட்டமைப்பும் சங்கங்களும் செய்த ஒப்பந்தம், விலைப்படியை எல்லோருக்கும் புள்ளிக்கு ஒரே தொகையாக ஆக்கியது. 1980-இல் விலையேற்றம் 20 சதவீதத்தைத் தாண்டியபோது, உதவியாளருக்கும் கைதேர்ந்த தொழிலாளிக்கும் இருந்த வித்தியாசம் வேகமாகக் கரைந்தது. விலை ஏற படி ஏற, படி ஏற விலை ஏற என்று சுழன்றதால், 1984-இல் பிரதமர் கிராக்ஸியின் அரசு அவசரச் சட்டம் மூலம் படியை வெட்டியது. 1985 ஜூனில் நடந்த பொது வாக்கெடுப்பில் 54 சதவீதம் பேர் அந்த வெட்டை ஆதரித்தார்கள். 1992 ஜூலையில் முறையே கைவிடப்பட்டது.

இதற்கு மாற்று சதவீதக் கணக்கு. மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி அப்படித்தான்: பன்னிரண்டு மாதச் சராசரிக் குறியீடு (2001=100) 261.42-க்கு மேல் எத்தனை சதவீதம் ஏறியதோ அத்தனை சதவீதம், ஜனவரியிலும் ஜூலையிலும் திருத்தம். இடைவெளி சுருங்காது, ஆனால் மேல்மட்டச் சம்பளத்துக்கும் முழு ஈடு என்பதால் தனியார் நிறுவனம் தயங்கும். நடைமுறையில் நன்றாக ஓடுவது, கிரேடு வாரியாக இரண்டோ மூன்றோ புள்ளி விகிதம் வைப்பது: கீழ் கிரேடுக்கு 90 சதவீத ஈடு, நடுவில் 75, மேலே 60. கிரேடுக்குள் நடுச் சம்பளத்தை எடுத்து விகிதத்தைக் கணக்கிட்டு, வரும் தொகையை முழு ரூபாயாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். சதவீதத்தை மட்டும் எழுதி வைத்தால் எதன் சதவீதம் என்ற சண்டை பிறகு வரும்.

திருத்தம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதற்கும் விலை உண்டு. விலை ஆண்டுக்கு 6 சதவீதம் சீராக ஏறுகிறது என்றால், ரூ.20,000 சம்பளத்தில் முழு ஈடு இருந்தாலும், ஆண்டுக்கொருமுறை திருத்தினால் அந்த ஆண்டில் சுமார் ரூ.7,200 இழப்பு, அரையாண்டுக்கு ஒருமுறை என்றால் ரூ.3,600, காலாண்டு என்றால் ரூ.1,800. குறியீடு வெளியாகும் தாமதம் இதற்கு மேல். குறியீட்டைக் கணக்கிடும் மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் ஒரு மாதக் குறியீட்டை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளில் வெளியிடுகிறது. ஆகவே ஏப்ரல்-ஜூன் காலாண்டுக்கு டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதச் சராசரி என்று எழுதுவது சரி. மார்ச் குறியீட்டைச் சேர்த்தால் ஏப்ரல் சம்பளப் பட்டியலுக்கு அது கிடைக்காது, நிலுவைக் கணக்கு ஒவ்வொரு முறையும் தொங்கும்.

தனி மாதக் குறியீட்டை எடுக்க வேண்டாம். காய்கறி விலையால் அது மாதத்துக்கு மாதம் ஆடும். வாடகைப் பகுதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும்தான் புதுப்பிக்கப்படுவதால் அந்த மாதங்களில் ஒரு குதி இருக்கும்.

பஞ்சப்படிப் பிரிவு எங்கே உடைகிறது

குறியீட்டின் பெயரை முழுமையாக எழுதாதது முதல் தவறு. ரிசர்வ் வங்கி பார்ப்பது வேறு குறியீடு. தொழிலாளர் பணியகத்தின் தொழிற்சாலைத் தொழிலாளர் குறியீடு வேறு. பின்னதிலும் அகில இந்தியக் குறியீடும் சென்னை, கோவை, மதுரை போன்ற மையங்களின் குறியீடும் தனித்தனி. தொழிலாளி வாழும் ஊரின் குறியீடுதான் நியாயம் என்று தோன்றும். ஆனால் ஒரு மையத்தின் எண் அகில இந்திய எண்ணைவிட அதிகம் துள்ளும். நான் அகில இந்திய எண்ணையே பரிந்துரைப்பேன்.

அடிப்படை ஆண்டு மாற்றம் இரண்டாவது பள்ளம். 2020 செப்டம்பர் குறியீடு முதல் 2001=100 போய் 2016=100 வந்தது; இணைப்புக் காரணி 2.88. அதாவது ஒரு புதுப் புள்ளி 2.88 பழைய புள்ளிக்குச் சமம். பழைய வரிசையில் புள்ளிக்கு ரூ.35 என்றிருந்த ஒப்பந்தத்தில் புதுப் புள்ளிக்கு ரூ.100.80 ஆக வேண்டும். அப்படி எழுதாமல் 'புள்ளிக்கு ரூ.35' என்று மட்டும் இருந்தால், படி மூன்றில் ஒரு பங்காகிவிடும். 'அடிப்படை ஆண்டு மாறினால் பணியகம் அறிவிக்கும் இணைப்புக் காரணியால் விகிதம் பெருக்கப்படும்' என்ற ஒரே வரி போதும்.

குறியீடு இறங்கினால் என்ன என்று பேசாமல் விடுவது அடுத்தது. மாற்றத்தை மட்டும் கணக்கிட்டு, இறக்கத்துக்குப் பிடித்தம் இல்லை என்று எழுதினால், 143-இலிருந்து 141-க்கு இறங்கி மறுபடி 143-க்கு ஏறும்போது அதே இரண்டு புள்ளிக்கு இரண்டாம் முறை பணம் போகும். சில ஆண்டில் இது பெரிய தொகையாகி, தணிக்கையில் பிடிபட்டு, திருப்பிக் கொடு என்ற நோட்டீஸில் முடியும். எனவே எப்போதும் தொடக்கப் புள்ளியிலிருந்து உள்ள உயரத்தையே கணக்கிட வேண்டும். இறக்கத்தில் படி குறையாது என்று பேசினாலும், அடுத்த ஏற்றம் பழைய உச்சத்தைத் தாண்டிய பிறகே எண்ணப்படும் என்று எழுத வேண்டும்.

பஞ்சப்படியை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்க்கும்போதும் இதே கவனம் தேவை. 150 புள்ளியில் சேர்த்தால் புதிய தொடக்கப் புள்ளி 150. பழைய 140-ஐ மாற்றாமல் விட்டால் பத்துப் புள்ளிக்கு இரட்டைப் பணம்.

நிர்வாகத்தின் பக்கத்துக் கணக்கு

ஒரு ரூபாய் பஞ்சப்படி ஒரு ரூபாயில் நிற்காது. ரூ.100-க்குப் பி.எஃப். ரூ.12 (ரூ.15,000 சம்பளம் வரை மட்டும் பி.எஃப். கட்டி நிறுத்தாத நிறுவனமானால்), கிராஜுவிட்டிக்கு ஆண்டுக் கணக்கில் ரூ.4.81. கிராஜுவிட்டி கடைசிச் சம்பளத்தில் கணக்கிடப்படுவதால் கடந்த ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏறும்: 20 ஆண்டு பணி முடித்தவருக்கு மாதம் ரூ.100 ஏறினால் பொறுப்பு ரூ.1,154 கூடும். பட்ஜெட் போடும்போது பலர் தவறவிடுவது இந்தக் கடைசி எண்ணைத்தான்.

'சம்பளம் ஏற்றினால் விலை ஏற்ற வேண்டியிருக்கும்' என்ற வாதத்தை எடைபோட, விற்பனையில் சம்பளத்தின் பங்கு தெரிய வேண்டும். ஆண்டு விற்பனை 100 கோடி, சம்பளச் செலவு 12 கோடி என்றால், 8 சதவீத உயர்வு 96 லட்சம். விற்பனையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆள் ஒருவருக்கான உற்பத்தி அந்த ஆண்டு 3 சதவீதம் ஏறினால், ஒரு பொருளுக்கான கூலிச் செலவு ஏறுவது சுமார் 5 சதவீதம்தான். தாங்க வேண்டியது சுமார் 60 லட்சம். தனி நிறுவனத்தில் இது சிறிது. ஆனால் அந்த நிறுவனம் வாங்கும் உதிரிபாகத்திலும், போக்குவரத்திலும், பேக்கிங்கிலும் வேறொருவரின் கூலி ஒளிந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து 8 சதவீதம் ஏற்றினால், தொடர் முழுக்கச் சேர்ந்து வரும் ஏற்றம் ஒரு சதவீதத்தில் நிற்காது. பொருளாதாரம் முழுமைக்கும் உண்மையானது ஒரு தொழிற்சாலைக்குப் பொய்யாகவும், ஒரு தொழிற்சாலைக்கு உண்மையானது பொருளாதாரத்துக்குப் பொய்யாகவும் இருப்பது இங்கேதான்.

மிகவும் சிக்கலான நிலை கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யும் வெண்டருக்கு. எஃகு விலை ஏறினால் வாடிக்கையாளர் விலையைத் திருத்துவார். கூலி ஏறினால் திருத்த மாட்டார், மாறாக ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்வார். இப்படிப்பட்ட நிறுவனம் வரம்பில்லாத பஞ்சப்படியில் கையெழுத்திட்டு, விலைவாசி 9 சதவீதம் ஏறினால் அதன் பதில் ஒன்றுதான்: ஓய்வு பெறும் நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் கான்ட்ராக்ட் ஆளோ அப்ரண்டிஸோ வருவார். பாடப்புத்தகத்தில் கூலிக்கும் வேலையின்மைக்கும் இடையே வரையப்படும் கோடு, ஷாப் ஃப்ளோரில் இப்படித்தான் வருகிறது. ஆள் வெளியேற்றம் இல்லை. நிரந்தர வேலை மட்டும் சத்தமில்லாமல் குறையும்.

பிற நாடுகள் எங்கே தடுப்பு வைத்தன

பெல்ஜியத்தில் தானியங்கிப் படி இன்றும் உண்டு. 1994 முதல் அது புகையிலை, மது, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை நீக்கிய குறியீட்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது; எண்ணெய் விலைத் துள்ளல் நேரே சம்பளத்தில் ஏறாமல் தடுக்கவே அந்த ஏற்பாடு. ஆனால் வீட்டு எரிவாயுவும் மின்சாரமும் குறியீட்டில் இருந்தன. 2022-இல் ஏறியது அவைதான். லட்சக்கணக்கான தனியார் அலுவலக ஊழியருக்கு 2023 ஜனவரியில் ஒரே அடியாக 11.08 சதவீதம் ஏறியது. அடுத்த அதிர்ச்சி எந்தப் பொருளில் வரும் என்று யூகித்து அதை நீக்குவதைவிட, மொத்த வேகத்துக்கு வரம்பு வைப்பது மேல்.

நெதர்லாந்தில் வேலையின்மை வேகமாக ஏறிக்கொண்டிருந்த 1982 நவம்பரில், வாசெனார் ஒப்பந்தத்தில் சங்கங்கள் தானியங்கி விலைப்படியை விட்டுக்கொடுத்து வேலை நேரக் குறைப்பை வாங்கின. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் 1948-இல் வந்த வாழ்க்கைச் செலவுப் படியை, நிறுவனம் திவால் விளிம்பில் நின்ற 2009-இல் சங்கம் விட்டது. அந்த அக்டோபரில் நாட்டின் வேலையின்மை 10 சதவீதம். திரும்பக் கிடைத்தது 2023-இல், வேலையின்மை 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தபோது, நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. இழந்த பிரிவை மீட்க 14 ஆண்டு.

எந்த நிலைக்கு எது

விலையை வாடிக்கையாளர் மீது ஏற்றும் வசதியுள்ள உணவு, மருந்து, நுகர்பொருள் நிறுவனங்களில் சங்கம் முழு ஈட்டுக்கு நெருக்கமான காலாண்டுப் பஞ்சப்படியைக் கேட்கலாம். நிலையான உயர்வை உற்பத்தித்திறன் ஏற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வெண்டர் நிறுவனத்தில் 70 சதவீத ஈடு, ஓராண்டில் குறியீடு 8 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அந்த மேல்பகுதி ஒருமுறைத் தொகையாக, அதோடு இரு தரப்பும் மறுபடி உட்காரும் உரிமை என்று எழுதுவது நல்லது. ஐம்பது பேருக்குக் கீழே உள்ள சிறு யூனிட்டில் காலாண்டுக் கணக்கை யாரும் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள். அங்கே நிலையான உயர்வு போதும். 12 மாதச் சராசரி விலையேற்றம் 6 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் தாண்டிய ஒவ்வொரு சதவீதப் புள்ளிக்கும் இத்தனை ரூபாய் என்ற ஒற்றை வரியைச் சேருங்கள். நட்டத்தில் ஓடும் நிறுவனத்தில் ஒருமுறைத் தொகையை ஏற்கலாம், அதில் பாதி ஒப்பந்த முடிவில் அடிப்படைச் சம்பளத்தில் சேரும் என்று எழுத்தில் இருந்தால்.

புள்ளிக் கணக்குக்கு ஆதரவாக இன்னொரு வலுவான காரணம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு வரும் இடைவெளி. அடுத்த பேச்சு ஓராண்டு, ஒன்றரையாண்டு இழுப்பது இங்கே சாதாரணம். காலாவதியான ஒப்பந்தம், முடித்துக்கொள்வதாக எழுத்துமூல அறிவிப்புக் கொடுத்துக் குறித்த கெடு முடியும்வரை தொடர்ந்து கட்டுப்படுத்தும். பழைய தொழில் தகராறு சட்டத்தில் இது இரண்டு மாதம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில் 60 நாள். அறிவிப்புக்குப் பிறகும் புது ஒப்பந்தம் வரும்வரை பழைய நிபந்தனைகள் நிற்கும் என்பதே ஆயுள் காப்பீட்டுக் கழக வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. நிலையான உயர்வு ஒப்பந்தத்தில் அந்த இடைக்காலத்தில் தொடர ஒன்றுமே இல்லை, மூன்றாம் ஆண்டுச் சம்பளம் அப்படியே உறைந்து நிற்கும். பஞ்சப்படி மட்டும் ஓடும். பேச்சை இழுப்பதால் நிர்வாகத்துக்குக் கிடைக்கும் லாபமும் அதனால் குறையும்.

கையெழுத்துக்கு முன் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சம்பள வரம்பையும் பார்த்துவிடுங்கள். 2017-இல் வைக்கப்பட்ட வரம்பு மாதம் ரூ.21,000. மேலே சொன்ன தொழிலாளி ரூ.1,800 நிலையான உயர்விலேயே அதைத் தாண்டிவிடுவார். சற்றுக் கீழே இருப்பவரை பஞ்சப்படி சில காலாண்டில் தள்ளிவிடும். பங்களிப்புக் காலம் ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என இரண்டு. நடுவில் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும்; மருத்துவப் பாதுகாப்பு அதற்குரிய பயன் காலம் முடியும்வரை இருக்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். வயதான பெற்றோருக்கும் குழந்தைகளுக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, மாதம் சில நூறு ரூபாய் உயர்வு இந்த இழப்பை ஈடுகட்டாது. நிர்வாகம் இ.எஸ்.ஐ.-க்குச் செலுத்திவந்த 3.25 சதவீதம் மிச்சமாகும். அந்தப் பணத்தில் குழு மருத்துவக் காப்பீடு, பெற்றோரையும் சேர்த்து, இ.எஸ்.ஐ. பாதுகாப்பு நிற்கும் மாதத்திலிருந்தே தொடங்கும் என்று பஞ்சப்படிப் பிரிவுக்கு அடுத்த வரியிலேயே எழுதி வாங்குங்கள்.